பாதை யாருடையது?

(எமது சங்கத்தின் தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை. அடுத்த ஆண்டுக்கான பிரதேச சபைப் பாதீடு தயாராகும் காலம் என்பதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



சம்பளத்தைப் பற்றி எனக்கு முன் பேசிய தோழர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டார். எனக்குத் தந்திருக்கும் நேரத்தில் ஒரே ஒரு விசயத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அது பிரதேச சபை.

பிரதேச சபை என்றதும் பின்னால் சிலர் சிரிப்பது கேட்கிறது. சிரிக்கக் காரணம் இருக்கிறது. வோட்டுக் கேட்க ஒரு தடவை, வென்ற பிறகு மாலை வாங்க ஒரு தடவை, அப்புறம் லயத்தில் யாராவது செத்தால் ஒரு தடவை. சபை நம் பக்கம் வந்ததெல்லாம் அவ்வளவுதான். "அது அரசியல்வாதிகள் பாடு டீச்சர், நமக்கு என்ன வந்தது?" என்று போன வாரம்கூட ஒரு அண்ணன் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இன்று எல்லோருக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் சபைகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் நாட்டில் அநேகமாக எங்கேயுமே தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. அதிகாரிகள்தான் சபையை நடத்தினார்கள். அந்த இரண்டு வருடத்தில் நம் லயத்தில் யாருக்காவது வித்தியாசம் தெரிந்ததா?

டவுனில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது. அங்கே குப்பை லொறி ஒரு நாள் வராவிட்டால் கடைக்காரர்கள் சத்தம் போடுவார்கள். நமக்கு அந்த லொறி வந்ததே இல்லை. வராத லொறி நின்றுபோனால் யாருக்குத் தெரியும்?

அந்தத் தேர்தல் உண்மையில் 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்க வேண்டியது. பணம் இல்லை என்று தள்ளிப்போட்டார்கள். வழக்குப் போட்டார்கள். 2024 ஓகஸ்ட் மாதம் உயர் நீதிமன்றம், தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் சொன்ன மக்களில் நாமும் அடக்கம். சபை இல்லாமல் இருந்தது நம் உரிமையையும் மீறிய செயல்தான். நமக்குத்தான் அது உறைக்கவில்லை. ஏன் உறைக்கவில்லை என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு இன்றைய கதைக்கு வருகிறேன்.

வாசல் பூட்டியிருந்த காலம்

பிரதேச சபைகளுக்கு முன்னால் கிராமச் சபைகள் இருந்தன. 1937இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோதே, தோட்டத்தில் வேலை செய்த இந்தியத் தொழிலாளிக்கு அந்தச் சபையில் வோட்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். பக்கத்துக் கிராமத்தில் இருந்தவருக்கு வோட்டு இருந்தது. அதே ஆற்றுத் தண்ணீரைக் குடித்த நம் பாட்டனுக்கு இல்லை.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் பாராளுமன்ற வோட்டும் போனது. 1964இல் இரண்டு நாட்டுத் தலைவர்கள் உட்கார்ந்து, நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நம்மைத் தலைக்கணக்கில் பங்கு பிரித்தார்கள். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால்தான் மிச்சம் இருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. இங்கே இருக்கும் பெரியவர்கள் சிலர் தங்கள் கையால் அந்தப் படிவங்களை நிரப்பியவர்கள்.

இப்போது கவனியுங்கள். பிரதேச சபைச் சட்டம் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். நம் ஆட்கள் வோட்டுப் பெற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில் வந்த சட்டம். ஆனால் அதன் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள்ளே சபை பணம் செலவழிக்கத் தடையாக இருந்தது. நம் வோட்டைச் சபை எண்ணிக்கொள்ளலாம், நம் தலையைச் சனத்தொகையில் சேர்த்துக்கொள்ளலாம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாக்குப் பெட்டியை வைக்கலாம். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரும் பாதையில் ஒரு லொறி கல் கொட்டச் சட்டம் இடம் கொடுக்காது என்று கையை விரித்தார்கள். முப்பது வருடம் இப்படித்தான் போனது.

இன்னொன்றும் இருந்தது. நுவரெலியா மாவட்டத்தில் அம்பகமுவ, நுவரெலியா என்ற இரண்டு பிரதேச சபைகள் மட்டும் ஒவ்வொன்றும் சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் பிரதேசத்தைச் சுமந்துகொண்டிருந்தன. வேறு மாவட்டங்களில் அதில் கால்வாசிச் சனத்துக்கே ஒரு சபை இருந்தது. 2018 தேர்தலில்தான் அந்த இரண்டும் ஆறாகின. அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்று மூன்று. நுவரெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என்று மூன்று.

அதே 2018இல் 33ஆம் பிரிவும் திருத்தப்பட்டது. தோட்டத்தில் குடியிருக்கும் மக்களுக்குப் பாதை, கிணறு, பொது வசதி செய்துகொடுக்கச் சபைக்கு வழி திறந்தது. மலையகத்துக்கென்று புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் அந்த வருடம் வந்த சட்டத்தால்தான் உருவானது. இதற்காகப் பேசியவர்கள், எழுதியவர்கள், மகஜர் கொடுத்தவர்கள் பல சங்கத்தையும் பல கட்சியையும் சேர்ந்தவர்கள். எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் பூட்டைத் திறந்துவிட்டதாக நமக்கு யாரும் வந்து சொல்லவில்லை. கவுண்டரில் இருப்பவர்களும் பழைய பதிலையே சொல்கிறார்கள். நாமும் அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வருகிறோம்.

பாலத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மேல் டிவிசனுக்கும் நடுவில் ஓடையின் மேல் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. ஒரு பக்கக் கைபிடி இல்லை. ஒரு மூலை உள்ளே இறங்கிவிட்டது. மழை பலமாக இருந்தால் தண்ணீர் மேலே ஏறி ஓடும். அந்த நாட்களில் எனது வரவு இடாப்பைப் பார்த்தால் மேல் டிவிசன் பிள்ளைகளின் பெயருக்கு நேரே வரிசையாக வரவில்லை என்றுதான் இருக்கும். பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை. தாய் அனுப்பப் பயப்படுகிறாள். நானாக இருந்தாலும் அனுப்ப மாட்டேன்.

தோட்ட அலுவலகத்தில் கேட்டோம். "அது சபை போட்ட பாலம், சபையிடம் கேளுங்கள்" என்றார்கள். சபையில் கேட்டோம். "அது தோட்டத்துப் பாதை. தோட்டத்திலிருந்து கடிதம் வாங்கி வாருங்கள்" என்றார்கள். திரும்பவும் தோட்டத்துக்குப் போனோம். கடிதம் கொடுக்க மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். வோட்டுக் காலத்தில் அந்தப் பாலத்துக்கு நிறையச் சொந்தக்காரர்கள். சீமெந்து கேட்டால் ஒருவருமே இல்லை.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? இரண்டு இடத்திலும் வாயால்தான் பதில் சொன்னார்கள். எழுத்தில் ஒரு வரி தரவில்லை. வாயால் சொன்ன பதிலுக்கு நாளைக்கு யாரும் பொறுப்பில்லை. சொன்னவர் மாறிப் போவார், அடுத்தவர் "எனக்குத் தெரியாது" என்பார்.

இந்தப் பாலத்தின் கதை உங்கள் எல்லாத் தோட்டத்திலும் வேறு பெயரில் இருக்கிறது. ஒரு தோட்டத்தில் மயானத்துக்குப் போகும் பாதை. இன்னொரு தோட்டத்தில் பஸ் நிற்கும் சந்தியில் எரியாத விளக்கு. இன்னொரு தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் கானில் அடைத்துக்கொண்டு கிடக்கும் பிளாஸ்ரிக். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "அது தோட்டத்துக் காணி."

தோட்டத்துக் காணி என்றால் யாருடைய காணி?

இந்தப் பதிலைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம்.

1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெரிய தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992இல் அவற்றின் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். பிறகு நீண்ட காலக் குத்தகைக்கு எழுதினார்கள். அப்படியானால் இந்தக் கம்பனித் தோட்டங்களில் காணிக்குச் சொந்தக்காரர் யார்? அரசாங்கம். கம்பனி குத்தகைக்காரர். அரசாங்கத்தின் காணியில், அரசாங்கத்தின் பிரஜை நடக்கும் பாதையைச் செப்பனிட, அரசாங்கத்தின் ஓர் அங்கமான பிரதேச சபைக்குக் காணி தடையாக இருக்கிறது என்கிறார்கள். இதை என் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களே சிரிப்பார்கள்.

இன்னோர் உதாரணம் நான் வேலை செய்யும் இடமே. தோட்டப் பள்ளிக்கூடங்கள் ஒரு காலத்தில் தோட்டத்தின் கையில்தான் இருந்தன. ஒரு அறை, ஒரு வாத்தியார், பிள்ளை பத்து வயதானால் மலைக்குப் போய்விடும். எழுபதுகளில் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. பள்ளிக்கூடம் இன்றும் தோட்டத்துக்கு நடுவில்தான் இருக்கிறது. ஆனால் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம், புத்தகம் கொடுப்பது அரசாங்கம், பரீட்சை வைப்பது அரசாங்கம். தோட்டத்துக் காணி என்பதால் யாரும் பரீட்சையை நிறுத்தவில்லை. பிள்ளையின் படிப்புக்குப் பொறுப்பேற்க முடிந்த அரசாங்கத்தால், பிள்ளை நடந்துவரும் பாலத்துக்குப் பொறுப்பேற்க முடியாதா?

அதே நேரம் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சபையை உள்ளே கூப்பிடுவது கம்பனியைக் கழற்றிவிடுவதற்காக இல்லை. லயத்துக் கூரை ஒழுகினால் அதற்குத் தோட்டம் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைக் காம்பராவுக்கும், மலையில் தொழிலாளிக்கு வேண்டிய கழிவறைக்கும், தண்ணீருக்கும் தோட்டம் பதில் சொல்ல வேண்டும். "இனிச் சபையிடம் கேளுங்கள்" என்று நிர்வாகம் இவற்றிலிருந்து நழுவப் பார்த்தால் விடக்கூடாது. பாதை, குப்பை, வீதி விளக்கு, மயானம், நூலகம், விளையாட்டு மைதானம் இவையெல்லாம் பொதுமகன் என்ற முறையில் நமக்குச் சேர வேண்டியவை. தொழிலாளி என்ற முறையில் சேர வேண்டியவை வேறு. இரண்டு கணக்கையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கலந்துவிட்டால் இரண்டு பேரும் தப்பித்துக்கொள்வார்கள்.

"சபை வந்தால் வரி வரும்"

இந்தப் பயம் பல பேரிடம் இருக்கிறது. இதைச் சில பேர் வேண்டுமென்றே கிளப்பியும் விடுகிறார்கள்.

சபை அறவிடும் சோலை வரி, அபிவிருத்தியடைந்த பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் இருக்கும் ஆதனங்களுக்கு உரியது. சபை ஒரு பாதைக்குக் கல் போட்டதற்காக அடுத்த நாள் லயத்துக்கு வரி பில் வராது. லயம் நம் பெயரிலும் இல்லை. பயிர் செய்யும் பெரிய காணிகளுக்கு ஏக்கர் வரி அறவிடவும் பிரதேச சபைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த வரியைப் பற்றி நம் பிரதேசத்தில் யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது என்று சபையில் ஓர் உறுப்பினராவது கேட்டால் நல்லது.

நாளைக்கு ஏழு பேர்ச்சோ பத்து பேர்ச்சோ நம் பெயரில் உறுதி எழுதித் தந்து, அது ஒரு கிராமமாக ஆனால் நமக்கும் வரி வரலாம். வந்தால் கட்டுவோம். கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு "எங்கே என் குப்பை லொறி?" என்று கேட்போம். வரி கட்டுவதில் ஒரு குறைவும் இல்லை. இப்போதும் நாம் வரி கட்டாதவர்கள் இல்லை. ஒரு சவர்க்காரம் வாங்கினால்கூட அதன் விலைக்குள் வரி இருக்கிறது. கட்டுவதை மட்டும் கட்டிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்கிறோம்.

உறுப்பினரிடம் என்ன கேட்கிறோம்?

இனி நம் பக்கத்தைக் கொஞ்சம் பார்ப்போம். கோபிக்காதீர்கள்.

உறுப்பினர் வந்தால் நாம் என்ன கேட்கிறோம்? சாவு வீட்டுக்குக் கதிரை. திருவிழாவுக்குச் சவுண்ட் செட். கூரைக்கு இரண்டு தகரம். மகனுக்கு ஒரு கடிதம். அவரும் சந்தோசமாகக் கொடுக்கிறார். இரண்டு தகரம் கொடுத்தால் நாலு வருடத்துக்கு அந்த வீடு அவருக்குக் கடன்பட்டிருக்கும். படமும் எடுத்துக்கொள்ளலாம். பாலம் கட்டினால் அதில் எல்லாக் கட்சிக்காரரும் நடப்பார்கள், யாரும் அவருக்குத் தனியாக நன்றி சொல்ல மாட்டார்கள். அதனால்தான் தகரம் சீக்கிரம் வருகிறது, பாலம் வருவதே இல்லை.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. சபை ஆசனத்தைச் சங்கத்தில் விசுவாசமாக இருந்தவருக்குக் கொடுக்கும் பரிசாக எல்லாச் சங்கமும் நினைத்திருக்கின்றன. தேர்தலில் யாரை நிறுத்துவது என்று இரவிரவாகப் பேசுகிறோம். வென்றவர் சபையில் என்ன பிரேரணை கொண்டுவந்தார் என்று ஒரு கிளைக் கூட்டத்திலாவது கேட்டிருக்கிறோமா? இனிக் கேட்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, எந்தக் கட்சியாக இருந்தாலும், நம் வட்டார உறுப்பினரைக் கிளைக் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும். மாலை வேண்டாம். ஒரு கதிரையும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் போதும். என்ன பேசினார், எதற்குக் கை தூக்கினார் என்று அவர் சொல்லட்டும்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 தேர்தலிலிருந்து சபைகளில் 25 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் நம் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் சபைக்குப் போனார்கள். பீலியில் தண்ணீர் வரவில்லை என்பது முதலில் யாருக்குத் தெரியும்? இருட்டு விழுந்த பிறகு சந்தியிலிருந்து லயத்துக்கு நடந்து வருவது யாருக்குப் பயம்? ஆனால் சபை கூடுவது வேலை நாளில், வேலை நேரத்தில். அங்கே போய் உட்கார்ந்து பார்க்க ஆசைப்படும் கொழுந்து எடுக்கும் அக்காவுக்கு அன்றைக்குப் பேர் விழாது. ஒரு நாள் சம்பளம் போகும். அதனால் கூட்டத்தைப் பார்க்க இரண்டு பெண்களை மாறி மாறி அனுப்புவோம், அவர்களுக்கு அன்றைய பேருக்கு ஈடான பணத்தைக் கிளை நிதியிலிருந்து கொடுப்போம் என்ற யோசனையை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன். பெரிய செலவு இல்லை. ஒரு மே தினப் பதாகைக்கு அதைவிடச் செலவாகும்.

இனி என்ன செய்வது?

பேசிவிட்டுப் போனால் இந்தக் கூட்டமும் பழைய கூட்டங்களைப் போல ஆகிவிடும். அதனால் வேலையாகவே சொல்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு கிளையும் தன் தோட்டத்துப் பாதைகளை எழுத வேண்டும். எல்லாப் பாதையும் சபைக்கு உரியதல்ல. பெரிய வீதிகளான ஏ, பீ தரம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சீ, டீ தரம் மாகாணத்துக்கு. அதற்குக் கீழே உள்ளவை பிரதேச சபைக்கு. தோட்டத்துக்குள் ஓடும் பாதைகளில்தான் இழுபறி. சபை லொறிக்காக ஆர்.டி.ஏ. அலுவலகத்தில் போய் நின்று ஒரு நாளை வீணாக்காமல் இருக்க இந்தப் பட்டியல் உதவும். பாதையோடு சேர்த்து, விளக்கு வேண்டிய சந்தி, குப்பை சேரும் இடம், மயானம், உடைந்த பாலம் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவார்கள்.

இரண்டாவது, கடிதம். தமிழில் எழுதுங்கள். அரசாங்கக் காரியாலயத்தோடு தமிழில் கதைக்கவும் தமிழில் பதில் வாங்கவும் அரசியலமைப்பிலேயே உரிமை இருக்கிறது. சபையின் செயலாளருக்கு ஒன்று, தவிசாளருக்கு ஒன்று, தோட்ட முகாமையாளருக்கு ஒன்று. பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதையும் பிரதியையும் கிளைக் கோப்பில் வையுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு விசயம் மட்டும். பத்து விசயத்தை ஒன்றாக எழுதினால் எல்லாவற்றுக்கும் சேர்த்து "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

மூன்றாவது, காலம். சபையின் வருடம் ஜனவரியில் தொடங்குகிறது. அதற்கு முன்பே பாதீடு நிறைவேற வேண்டும். பணம் பிரிக்கும்போது நம் பாலத்தின் பெயர் அதில் இல்லாவிட்டால் அடுத்த வருடம் முழுவதும் "நிதி ஒதுக்கீடு இல்லை" என்ற பதில்தான். அதனால் நம் கடிதம் பாதீடு எழுதுவதற்கு முன் போக வேண்டும். ஜனவரியில் போய் நின்றால் பஸ் போன பிறகு கை காட்டுவது போலத்தான்.

நான்காவது, தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். பிரதேச சபைக்கும் இது பொருந்தும். சபையில் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருப்பார். அவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென்று குறித்தளிக்கப்பட்ட அலுவலர் இருக்கிறார். அதற்கும் மேலே கொழும்பில் ஆணைக்குழு இருக்கிறது.

பாலத்துக்காக நாம் கேட்கப் போகும் கேள்விகள் மூன்று. ஒன்று, இந்தப் பாதை சபையின் வீதிப் பட்டியலில் இருக்கிறதா, இல்லையா? இரண்டு, 2018க்குப் பிறகு வருடம் வருடமாகத் தோட்டக் குடியிருப்புகளுக்கென்று சபை எவ்வளவு செலவழித்தது, எந்த வேலைக்கு? மூன்று, தோட்டத்திலிருந்து அனுமதிக் கடிதம் வேண்டும் என்று சொல்கிறீர்களே, அப்படி எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது? அதன் பிரதியைத் தாருங்கள். இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டால், கவுண்டரில் வாயால் சொன்னவர் இனி எழுத்தில் சொல்ல வேண்டிவரும். எழுத்தில் சொல்வதற்கு முன் சட்டத்தை ஒரு முறை பார்ப்பார். அதுவே நமக்குப் பாதி வெற்றி.

ஐந்தாவது, விலாசம். இது சின்ன விசயம் போலத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பிள்ளைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. கையில் கிடைத்தபோது நேர்முகப் பரீட்சை முடிந்துவிட்டது. கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடந்தது. லயத்துக்கு இலக்கம் இல்லை, பாதைக்குப் பெயர் இல்லை, அதனால் ஒரு தோட்டத்துக்கே ஒரே விலாசம். அந்தப் பிள்ளை இன்று கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறது. பாதைக்குப் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் கொடுக்கச் சபையில் பிரேரணை கொண்டுவரலாம். கடிதத்தை வீடு வரை கொண்டுவரத் தபால் திணைக்களத்தைக் கேட்கலாம். இதற்கு லட்சக்கணக்கில் பணம் தேவையில்லை. இரண்டு நூறு வருடமாக இந்த மலையில் இருக்கும் சனத்துக்கு ஒரு கதவிலக்கம் கேட்கிறோம், அவ்வளவுதான்.

தோழர்களே, இதெல்லாம் ஒரு மாதத்தில் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. முதல் கடிதத்துக்குப் பதில் வராமல் போகலாம். இரண்டாவதுக்கு ஒரு வரி வரலாம். சம்பளத்துக்காக நாம் எத்தனை வருடம் போராடுகிறோம்? அதில் இருக்கும் பொறுமையில் கால்வாசி இதில் இருந்தால் போதும். சம்பளம் கூடினாலும், அந்தப் பணத்தோடு வீட்டுக்கு நடந்து வரும் பாதை இருட்டாகவும் சேறாகவும் இருந்தால் நம் வாழ்க்கை உயர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

"நமக்கு என்ன வந்தது?" என்று கேட்ட அண்ணனும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: சபையில் நம் பெயரில் ஒரு பங்கு இருக்கிறது. நாம் போய்க் கேட்காதவரை அதை வேறு யாரோ செலவழிப்பார்கள்.

வெளியே மேசையில் வெள்ளைத் தாள் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கிளைத் தலைவரும் தலைவியும் போகும்போது ஒரு கட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிசன், பாதை, பாலம், விளக்கு, குப்பை, மயானம் என்று கோடு போட்டிருக்கிறோம். வரும் மாதக் கூட்டத்துக்கு நிரப்பிக் கொண்டுவாருங்கள். கடிதம் எழுதத் தெரியாது என்று யாரும் பின்வாங்க வேண்டாம். சனிக்கிழமை பின்னேரம் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். மற்ற ஆசிரியர்களும் உதவி செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதுகிறோம். கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும்.